வைத்துக்கொள்வோம்

பேராசிரியர் ஆம்ப்ரோஸ் டெல்லிங்கர் எதையாவது 'வைத்துக்கொள்வோம்' என்று சொன்னால், அது பொய்யென்று அவரே நிரூபித்து மூடும்வரை அமெரிக்காவின் அயோவாவில் அது உண்மையாகவே இருந்தது. ஒருமுறை வகுப்பில், "நம்ம சோளக்காடெல்லாம் கடல்னு வச்சுக்குவோம்" என்றார். ஊரே உப்புக்காற்றில் பிசுபிசுத்தது. முடிதிருத்தும் ஹோபர்ட் கடைவாசலிலேயே மீன் பிடித்து, வறுத்தும் தின்றுவிட்டார். பேராசிரியர் முரண்பாட்டைக் காட்டி ஊகத்தை மூடியதும் ஹோபர்ட்டுக்கு மறுபடி பசித்தது. சும்மா சொல்லக்கூடாது, தர்க்கத்தில் பேராசிரியருக்கு இணை அந்த நாட்டிலேயே கிடையாது. திறந்ததை மூடாமல் மனுஷன் ஒருநாளும் சாப்பிடப் போனதில்லை.

1951 பனிக்காலத்தில், அவரை வளர்த்த அக்கா லவீனியா நிமோனியாவில் செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வந்தவர் சமையலறைக் கரும்பலகை முன் நின்று, "அக்கா இருக்கான்னு வச்சுக்குவோம்" என்றார்.

"ஏன்டா, பூட்ஸைக் கழட்டாமயா உள்ள வருவே? தரையெல்லாம் சேறு!" என்றாள் லவீனியா, அடுப்பருகிலிருந்து.

லவீனியாவுக்கு எல்லாம் தெரியும். தன் கல்லறைக்குத் தானே பூ வைத்துவிட்டு வருவாள். அவளைத் தின்றது வேறு கவலை. திறந்து கிடக்கும் ஊகத்தின் கீழே எதை நிரூபித்தாலும் அது அந்த ஊகத்தையே நம்பி நிற்கும் என்று, தம்பி அதன்பின் ஒரு கட்டுரைகூட அச்சுக்கு அனுப்பவில்லை. டெல்லிங்கரின் மூளை வற்றிவிட்டது என்றார்கள் சகாக்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மளிகைக்கடையில் அதைக் கேட்டுவிட்டு வந்தவள் கொதித்தாள்.

"ஒரே வரிதானேடா பாக்கி? அக்கா கல்லறையில இருக்கான்னு எழுதி மூடு. என்னால உன் பேர் கெட வேணாம்."

"மூட இத்தனை நாள்தான்னு விதி ஏதும் இல்லக்கா."

"பித்தலாட்டக்காரா!"

"சூப் ஆறுது" என்றார் அவர். லவீனியா சிரித்துக்கொண்டே அழுதாள். அப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான்?

ஒரு வசந்தத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். திறந்தவரால்தான் மூட முடியும் என்பதால் லவீனியா அப்படியே இருந்தாள். அவரைத் தன் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வீடு வந்தாள், பூட்ஸைக் கழற்றினாள், சாக்பீஸை எடுத்தாள். தர்க்கம் அவள் படித்ததில்லை.

"ஆம்ப்ரோஸ் இருக்கான்னு வச்சுக்குவோம்" என்றாள்.

"அக்கா, சூப் எங்கே?" என்றது நாற்காலி.

அவளுக்கு மூடத் தெரியாது. ஹோபர்ட் மாதம் ஒருமுறை போய் இருவருக்கும் முடி வெட்டிவிட்டு வருகிறார்.