கைச்சூடு

சமையலறை மேசையில் வெளிச்சத்துக்கு நேரே இருந்து, முனை வளைந்த சின்னக் கத்தரிக்கோலால், வயிற்றில் ஒட்டும் பையின் ஒட்டுத்தட்டில் இன்பமலர் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு மில்லிமீற்றர். அளவு அட்டை தேவைப்படவில்லை. நாலரை வருடமாக ஒவ்வொரு காலையும், தேத்தண்ணீர் கொதித்து வருவதற்குள் இதே மேசையில் வெட்டிப் பழகிய கை. வட்டம் ஓரிடத்தில் கோணினாலும் பையைச் சுற்றித் தோல் வெந்துபோகும். புருஷன் தேவநாயகம் வாய் திறந்து சொல்லமாட்டார். நடக்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் சரிவார். அதை வைத்துத்தான் அவள் கண்டுபிடிப்பாள்.

இன்றைக்குக் கோணினாலும் நோவதற்கு ஆளில்லை. நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு வைத்தியசாலையில் அவர் போய்விட்டார். தாதி வந்து, உயிர் போக வழிவிடுவதுபோல ஜன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்தாள். என்றாலும் இன்பமலர் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டிய இடத்தை மறுபடி சீராக்கினாள்.

ஷாரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓகுஸ் நகரில் படிக்கிற மகள். இரவு முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது. "இனி அது எதற்கு?" என்று டேனிஷில் கேட்டாள்.

"நேற்றையப் பையோடை அவரை அனுப்ப ஏலாது."

"அங்கே இருக்கிறவர்கள் மாற்றுவார்களே."

"மாத்துவினம். வட்டம் வெட்டத் தெரியாது." இன்பமலர் பையைச் சுத்தமான துவாயில் சுற்றினாள். "வெளிக்கிடு. பெரியப்பா பதினொரு மணிக்கு வாறார். அதுக்கு முன்னம் இதை முடிச்சு, உள்பெனியனும் போட்டிடவேணும். பிறகு சேட்டும் கோட்டும் அவர் போடட்டும்."

உடுப்புப் போட்டுவிடுவது தன் உரிமை என்று அருள்நாயகம் நேற்று ராத்திரியே தொலைபேசியில் சொல்லிவிட்டார். தேவநாயகத்தின் ஒரே அண்ணன். அவளும் ஓமென்றாள். ஆனால் அவள் கொடுத்த சத்தியமும் ஒன்று இருந்தது.

தேவநாயகம் இருபத்தாறு வருடம் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் பகுதியில் நின்றவர். நாள் முழுக்கக் குடல்கள் அவர் கைவழியாக ஓடும். கழுவி, பிரட்டி, ஓட்டை பார்த்து அனுப்பவேண்டும். ஷாரன் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது சோற்றுத் தட்டின் முன்னால் வைத்தே அவர் வகுப்பு எடுப்பார். "ஒரு பண்டியின்ரை குடலை நீட்டினா எங்கடை வாசலிலையிருந்து தபால்பெட்டி மட்டும் போகும். மனிசன்ரை அதிலை அரைவாசியும் வராது. எண்டாலும் கடவுள் எப்பிடிச் சுருட்டி வைச்சிருக்கிறார் பார். மூளை, இதயம் எண்டு எல்லாரும் பெரிசாக் கதைப்பினம். பயம் வந்தா முதல் கலங்கிறது ஆர்? இவன்தான். நீ சோதினைக்குப் போகேக்கை எத்தினை தரம் கக்கூசுக்கு ஓடினனீ?"

அப்படிப்பட்டவருக்குத் தன் குடலைத் தெரியவில்லை. இரத்தம் போனதை மூலம் என்றார். உடம்புச் சூடு என்று ஒரு வருடம் மோரும் ஊறவைத்த வெந்தயமும் குடித்தார். ஐம்பது வயதில் அரசாங்கம் எல்லாருக்கும் அனுப்புகிற மலப் பரிசோதனை உறை, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் பிரிக்காமல் கிடந்தது. "தபால்காரனும் மனிசன்தானே, அவன்ரை கையிலை இதைக் குடுக்கிறதோ?" என்று சிரித்தார். இரண்டு வருடத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் அதே இடத்துக்குப் போனது.

புற்றுநோய் பிடித்த துண்டை வெட்டி, கீழ்வாசலைத் தைத்து மூடி, மிச்சக் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் ஒரு சின்ன வாயாக வெளியே எடுத்து வைத்தார்கள். உள்கன்னத் தசை போல அது எப்போதும் சிவந்து ஈரமாக இருக்கும். முதல் மாதம் அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவள் பை மாற்றும்போது சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் அந்த வாய்க்குத் தானே பெயர் வைத்தார்: மருமகன்.

"ஏனெண்டா, நேரங்காலம் பாராமல் சத்தம் போடுவார். விழுந்து விழுந்து கவனிக்கவேணும். திருப்பிப் பேச ஏலாது."

அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். மருமகனுக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது. மருமகன் இன்றைக்குக் கோபமாய் இருக்கிறார். ஷாரன் விடுமுறைக்கு வந்தால், "நான் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் இவரை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு மூன்று பேருக்குள் இருந்தது. வெளியில் எல்லாருக்கும் அவர் குடலில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்தவர். பிறகு நோய் ஈரலுக்குப் பரவியபோது, ஈரல் வருத்தக்காரர்.

இரண்டரை வருடத்துக்கு முன் இக்காஸ்ட் ஊரில் அருள்நாயகத்தின் மூத்த மகனுக்குக் கலியாணம். சித்தப்பா என்று தேவநாயகத்தை முன்மேசையில் இருத்தினார்கள். பாஸ்டர் சாப்பாட்டுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். முந்நூறு பேர் கண்ணை மூடியிருந்த அந்த அமைதியைப் பார்த்து மருமகன் வாயைத் திறந்தார். நீளமாக. பின்மேசையில் இரண்டு பெடியள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆமென் சொல்வதற்குள் பையின் விளிம்பும் விட்டுவிட்டது. தேவநாயகம் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் தன் கையால் பரிமாறிய சோற்றுக்கு முன்னால், ஒருவரையும் பாராமல், நடுமண்டபத்தால் நடந்து வெளியே போனார்.

கார் ஜன்னல்கள் திறந்தபடி, மழை உள்ளே அடிக்க, வீடு இருந்த ஹொல்ஸ்டெப்ரோ வரை வந்தார்கள்.

"அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு."

"இஞ்சரப்பா, உங்கடை அண்ணைதானே?"

"அண்ணைதான். அதுதான். அம்மா வருத்தமாக் கிடக்கேக்கை, அஞ்சு வயசு மட்டும் என்ரை குண்டி கழுவினது அவர். திரும்பவும் அவருக்கு முன்னாலை நான் அப்பிடி ஆக ஏலாது."

அவள் சத்தியம் பண்ணினாள். அண்ணன் அதன்பிறகு வரவில்லை. 'என்ரை பந்தியிலை ஒரு பிடி சோறு தொடாமல் எழும்பினவன்' என்று அவர் சொன்னதாக நாலு பேர் வந்து சொன்னார்கள். போன ஞாயிறு வைத்தியசாலைக்கு வந்தார். அவரைக் கண்டதும் தேவநாயகம் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் போர்வையை நெஞ்சு வரை இழுத்து மூடினார். அருள்நாயகம் கட்டில் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, பார்க்கிங் நேரம் முடிகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, இறந்தவர்களை வைத்திருக்கும் கப்பெலின் வாசலில் அருள்நாயகம் நின்றுகொண்டிருந்தார். கறுப்பு ஓவர்கோட். காற்றில் நரைத்த தலைமயிர் ஒரு பக்கமாக எழும்பி நின்றது.

"பெரியத்தான், பதினொண்டுக்கெல்லோ?"

"நித்திரை வரேல்லை, பிள்ளை. ஒன்பதுக்கே வந்திட்டன்."

ஈமக்காரியங்களைப் பார்க்கிற ஹன்னே என்ற பெண் அவர்களை உள்ளே கூட்டிப்போனாள். நடையில் இரண்டு நாற்காலிகள், ஒரு கோப்பி மெசின். பால்நிறக் கண்ணாடி போட்ட கதவுக்கு அந்தப்பக்கம் தேவநாயகம் இருந்தார். இன்பமலர் கதவுப்பிடியில் கைவைத்தபடி திரும்பினாள்.

"பெரியத்தான், ஒரு பத்து நிமிசம் இதிலை இருங்கோ. நானும் ஷாரனும் முதல்…"

"ஏன்?"

"ஒரு சின்ன வேலை இருக்கு."

"நான் பாராத உடம்போ அவன்ரை? கிணத்தடியிலை வைச்சுத் தேய்ச்சுக் குளிக்க வாத்தவன் நான்."

"அவர் கேட்டவர், பெரியத்தான். அவர் சொல்லிப்போட்டுப் போனவர்."

அருள்நாயகம் அவளைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "உயிரோடை இருக்கேக்கையும் வேண்டாமெண்டான். செத்தும் வேண்டாமெண்டு சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான், என்ன?"

ஹன்னே தமிழ் விளங்காமலே எல்லாம் விளங்கியவள் போல ஒரு கடதாசிக் குவளையில் கோப்பி எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே மின்சார மெழுகுதிரி ஒன்று அசையாமல் எரிந்தது. இன்பமலர் வெள்ளைத் துணியை இடுப்பு வரை விலக்கினாள். பழைய பையை மேலிருந்து மெல்ல, தோலை மறுகையால் அழுத்திக்கொண்டு, எப்போதும் போலவே உரித்தாள். ஒன்றும் இல்லை. வெறும் பை. தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சுற்றிவரத் துடைத்தாள். சிவந்திருந்த அந்தச் சின்ன வாய் இப்போது மெழுகு நிறத்தில் இருந்தது. அவள் பஞ்சோடு காத்திருந்தாள். துடைக்கும்போதெல்லாம் அது ஒரு சத்தம் போடும், அவர் மன்னிப்புக் கேட்பார். காத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் பஞ்சைக் கீழே வைத்தாள்.

புதுப் பை ஒட்டவில்லை. வட்டம் சரியாகத்தான் பொருந்தியது. ஆனால் கையை எடுத்ததும் ஓரம் மெல்ல எழும்பியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எழும்பியது.

"என்ன பிரச்சினை?" ஷாரன் கிசுகிசுத்தாள்.

"இது உடம்புச் சூட்டிலைதான் இளகி ஒட்டும்." அவள் தன் கைகளை உரசிப் பார்த்தாள். கையுறையை வீட்டில் மறந்து வந்திருந்தாள்; விரல்கள் விறைத்துப்போய் இருந்தன. ஷாரன் தன் கையைக் கொடுத்தாள். அது அதைவிடக் குளிர்.

கண்ணாடிக் கதவில் ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது. அருள்நாயகம் இன்னும் நாற்காலியில் இருக்கவில்லை.

இன்பமலர் தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். நாலரை வருடமாக எதைக் கேட்டாலும், வேண்டாமென்றால் புருவம் சுருங்கும், சரியென்றால் கண் தாழும். இன்று இரண்டும் இல்லை. முடிவு அவளிடம் விடப்பட்டிருந்தது.

"பெரியப்பாவைக் கூப்பிடு."

"அம்மா…" மகள் தமிழிலேயே சொன்னாள். "அப்பா வேண்டாம் எண்டவர்."

"தெரியும். கூப்பிடு."

அருள்நாயகம் குவளையோடு உள்ளே வந்தார். தம்பியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கியது. நின்ற இடத்திலேயே நின்றார். ஷாரன் அவர் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டாள்.

"இது என்ன?"

"குடலை வெட்டி இப்பிடி வைச்சவை. இதாலைதான் எல்லாம் போறது."

"எப்ப?"

"நாலரை வருசம்."

அவர் உதடு அசைந்தது. ஏதோ எண்ணிப் பார்த்தார். "அப்ப, கலியாணத்தண்டு…"

"ஓம். ஜெபத்துக்குள்ளை பை விட்டிட்டுது."

வெளியே எங்கோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அருள்நாயகம் ஓவர்கோட்டைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார். பிறகு நிலத்திலேயே போட்டார்.

"அண்டைக்கு வீட்டை போய்ச் சாப்பிட்டவனோ?"

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு துண்டு பாண் சாப்பிட்டவர். தேத்தண்ணியிலை தோய்ச்சு."

"பாண்," என்றார் அவர். பிறகு, "ஆட்டிறைச்சி அவனுக்கெண்டுதான் எலும்பில்லாமல் எடுத்து வைச்சனான்," என்றார்.

ஓரம் மறுபடி எழும்பியிருந்தது. இன்பமலர் அதைக் காட்டினாள். "ஒட்டுதில்லை, பெரியத்தான். சூடு வேணும். என்ரை கை விறைச்சுப் போச்சு."

"எவ்வளவு நேரம் பிடிக்கவேணும்?"

"அஞ்சு நிமிசம்."

அவர் சேட்டுக் கையை முழங்கை வரை மடித்தார். கோப்பிக் குவளையில் இவ்வளவு நேரமும் இருந்த உள்ளங்கையை, ஒரு குழந்தையின் வயிற்றில் வைப்பதுபோல, பையின் மேல் வைத்தார்.

"அமத்திறதோ?"

"இல்லை. சும்மா வைச்சிருந்தாக் காணும்."

ஷாரன் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாள். கொஞ்சம் கழித்து அதைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள். ஹன்னே கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். ஐந்து நிமிடம் எப்போதோ கடந்துபோயிருக்கும். பையின் விளிம்பு தோலோடு தோலாகப் படிந்திருந்தது.

உள்பெனியன் நாற்காலியில் மடித்தபடி கிடந்தது. இன்பமலர் அதை எடுத்து உதறி, கழுத்தைத் தேடி, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அருள்நாயகம் இன்னும் கையை எடுக்கவில்லை.