ஒரு நாற்காலிக்கான ஒலிபெருக்கி

1

ஒன்பது நாளாக என் கணவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கிறேன். இந்தக் கதை அதனால் வந்தது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்ப்பது என் பழக்கம். கல்லூரியில் வாய்மொழித் தேர்விலேயே விடையைத் தாளில் எழுதி நீட்டியவள் நான்.

முதல் தொடக்கம்: அந்தச் சனிக்கிழமைக் காற்றில் இனம்புரியாத ஒரு

காற்றில் மரத்தூள்தான் இருந்தது. விட்டுவிடுகிறேன்.

2

நாங்கள் வீட்டிலேயே ஒரு ஜோடி ஒலிபெருக்கி செய்துகொண்டிருக்கிறோம். பலகை வந்துவிட்டது. பெட்டிக்குள் எந்த ஸ்பீக்கரை வைப்பது என்பதில் மூன்று மாதமாக வழக்கு.

அவர் கட்சி வைட்பேண்ட். ஒரே காகிதக் கூம்பு. அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல் வரை எல்லாவற்றையும் அதுவே பாடும். என் கட்சி கோஆக்சியல். பெரிய கூம்பின் நடுவே, கீச்சுக்குரலுக்கென்று சின்னதாக இன்னொன்று. இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக்கொடுக்க ஒரு சர்க்யூட்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு சமையல்காரங்க எதுக்கு? நடுவுல பஞ்சாயத்து பண்ண ஒரு சர்க்யூட் வேற" என்பார்.

பதில் இப்போதுதான் தோன்றுகிறது: சமையல்காரர் ஒருவரே என்றால் கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும்?

[வைட்பேண்டின் கீச்சுக்குரல் டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராகத்தான் போகும். எதிரே நடுவில் உட்கார்ந்தவருக்கு முழுப் பாட்டு. பக்கத்தில் இருப்பவருக்கு மிச்சம். எங்கள் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலிதான் கொள்ளும். அதில் அவர். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டு நான். எனக்கும் முழுப் பாட்டு வேண்டும் என்று நான் சொன்னதில்லை. "சர்க்யூட் கட்டுவது சுவாரசியம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.]

3

ஒன்பது நாள் முன்பு சோதனை வைத்தோம். இரண்டு வகையையும் கடன் வாங்கி, கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினோம். அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல உன்னோடது போடு. ரெண்டாவது என்னோடது. பாரபட்சம் இல்லாம கேக்கறேன்."

வரிசையை முன்பே சொல்லிவிட்டால் அது என்ன சோதனை? நான் மாற்றி இணைத்தேன். முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவர் எழுந்தேவிட்டார்.

"கேட்டியா விஞ்ஞானி? பாடறவங்க மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. உன் கோஆக்சியல்ல இது வருமா?"

வந்தது. அவர் இரண்டாவதாகக் கேட்டது கோஆக்சியலைத்தான்.

"இல்ல... வந்து..." என்றேன்.

"பரவால்ல, தோத்தா தோத்துட்டுப் போ" என்று என் தலையில் செல்லமாகத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கலைப்பது?

சுவரோரம் இருந்த அத்தை, அவருடைய அம்மா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மகன் உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"ஒயர மாத்திப் போட்டல்ல?"

"ஆமா அத்தை."

"சொல்லிடாதடி. நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். அவங்க அப்பா மாதிரி."

4

அத்தை அன்று வீட்டிலேயே இல்லை. சொல்லாமல் விட்ட பழியில் பாதியைச் சுமக்க ஆள் வேண்டும் என்று அவரைச் சுவரோரம் உட்காரவைத்தேன். வயரை மாற்றியது நான். வாயை மூடிக்கொண்டதும் நான். எடுத்துவிடலாமா? ஆனால் அத்தை பேசினால் அப்படித்தான் பேசுவார். இருக்கட்டும்.

5

இன்று நாலு மணிக்குத் தச்சர் வந்து பலகையில் ஓட்டை போடுவார். வைட்பேண்டுக்குச் சின்ன ஓட்டை, கோஆக்சியலுக்குப் பெரியது. நேற்று போனில் சொன்னார்: "பாத்துச் சொல்லுங்கம்மா. போட்டப்புறம் தைக்க முடியாது, அது துணி இல்ல."

சாத்தியமான முடிவுகள்:

தச்சர் முன்னால் அவள் உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். (அவர் சிரிக்கமாட்டார்.)

அவள் தச்சரிடம் ரகசியமாகப் பெரிய அளவைக் கொடுத்து, கோஆக்சியலைப் பொருத்தி, முன்பக்கம் துணி போர்த்திவிடுகிறாள். அவர் ஆயுள் முழுக்க அதை வைட்பேண்ட் என்றே நினைத்து (ஸ்பீக்கரை வாங்கப்போவதே அவர்தான்.)

அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணி மடிக்கிறாள்.

மூன்றாவதை எழுதும்போது கை தயங்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இந்தத் தாள்களை அவர் நாற்காலியில் வைத்துவிடப்போகிறேன்.

6

இந்தப் பகுதி அவர் கையில் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு, மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். மணி இரண்டு. கூடத்தில் தாள் புரளும் சத்தம். ஒரு சிரிப்பு, அத்தையின் வசனத்துக்காக இருக்கவேண்டும்.

"விஞ்ஞானி!"

"ம்."

"ஒரே ஒரு தடவ கேட்டதெல்லாம் கணக்குல சேருமா? நீ படிச்சது சயின்ஸ்தானே? விரிப்பக் கட்டு. இன்னும் பத்து தடவ மாத்திப் போடு. நான் கண்டுபிடிக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. தோற்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான். பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு நடந்ததை மறுநாள்தான் எழுதுகிறேன்.

"கட்டறேன். ஆனா இந்தத் தடவ ஒயர நீங்க மாத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "நாற்காலியில நான் உக்காரறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். படித்துவிட்டு அதன்மேல் வைத்திருந்த தாள்களை எடுத்துக்கொண்டு இடம் விட்டார்.

பத்து முறையும் கேட்டேன். நாலு மணிக்குத் தச்சர் வந்து ஓட்டையும் போட்டாயிற்று. அதன் விட்டத்தை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் கூடத்தில் எத்தனை பேர் என்று பார்த்து, நீங்களே ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.