சூரியனை நம்பிக் கொடுத்த புல்

என் வீட்டுக்காரர் தொர்லிக் வெல்டிங் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகியிருப்பதாக வானொலியில் யாரோ சொன்னார்களாம். போதாக்குறைக்கு அக்டோபரில் ஒரு மாலை வடக்கு வானம் முழுக்கச் சிவந்து நின்றது. அதோடு அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

“சூரியன் கொதிக்குதுடி. இந்த வருஷம் பெருசா குளிரே இருக்காது, பாரு.”

“அங்க கொதிச்சா இங்க எரு மூட்டாமலே டீ கொதிச்சிடுமா? போய்ப் பட்டியைப் பாருய்யா.”

அவர் போகவில்லை. நான்தான் ஆட்டுப் புழுக்கையைக் காயவைத்து, மலையடிவாரத்துப் பனிக்காலப் பட்டியில் ஆடுகள் படுக்க மெத்தையாகப் பரப்ப வண்டி கட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தேன். பாதிச் சரிவு மொட்டையாகக் கிடந்தது. அந்தப் புல்லைக் கோடை முழுக்க நாங்கள் தொடமாட்டோம். குளிரில் எங்கள் நானூறு ஆடுகளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கோபிப் பாலைவனப் பக்கம் மழையில்லாமல், முந்நூறு ஆடும் எழுபது குதிரையுமாகப் பிழைக்க வந்த நமில் என்பவன் அங்கே மேய்த்துக்கொண்டிருந்தான். “அண்ணன்தான் தாராளமா மேய்ச்சுக்கன்னு சொன்னாரு, அக்கா” என்றான். குளிரே வராது என்று நம்பியவர் புல்லை எதற்குக் காப்பார்? கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க முடியாது. நமிலுக்கு உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலு நாளில் அவன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட்டான்.

நவம்பரில் முழங்கால் அளவு பனி கொட்டியது. ஒரு நாள் வெயில் அடித்து மேற்பனி உருகியது. மறுநாள் அது இரும்புபோல் இறுகிவிட்டது. ஆடுகள் குளம்பில் ரத்தம் வரச் சுரண்டின, அடியில் இருந்த புல் எட்டவில்லை. வெட்டி உலர்த்தி வைத்திருந்த புல்லும் தீர்ந்தது. பதினொரு ஆடுகள் செத்தன. தொர்லிக் என் எதிரே உட்கார்ந்து, “என் தப்புதான்” என்றார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

எங்களிடம் சவாரிக்கு இரண்டு குதிரைகள்தான். அந்தப் பனிக்கட்டியை மிதித்து உடைக்க ஒரு குதிரை மந்தையே வேண்டும். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நமிலின் கூடாரத்துக்கு நானே போனேன்.

“திட்டணும்னா உள்ள வந்து திட்டுங்கக்கா. வெளிய விறைச்சிடுவீங்க” என்றான்.

“திட்ட வரலை. உன் குதிரைங்க வேணும்.” அவன் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தேன். “இதுங்க எங்க படுக்குது?”

“வெறும் பனியிலதான். தெனமும் நாலஞ்சு எந்திரிக்கிறதில்லை.”

“என் பட்டியில புழுக்கை மெத்தை முழங்கால் ஆழம் கிடக்கு. நெருக்கிப் படுத்தா எல்லாத்துக்கும் இடம் இருக்கு, சூடும் இருக்கும். ஓட்டிக்கிட்டு வா.”

இரண்டு நாளில் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை எழுபது குதிரைகளும் நமில் மேய்க்காத மேற்குச் சரிவில் ஏறின. குளம்பால் ஓங்கி ஓங்கி மிதித்தன. பனிக்கட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அவற்றின் பின்னாலேயே எங்கள் ஆடுகளும் அவன் ஆடுகளும் கலந்து போய், உடைந்த இடங்களில் தலையை நுழைத்தன.

தொர்லிக் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். “நான் மட்டும் அன்னைக்கு அவனுக்குப் புல்லு கொடுக்காம இருந்திருந்தா இந்தக் குதிரைங்க...”

“பேசாதய்யா. ஆடு தின்னுது.”

சரிவு முழுக்க புல்லை மெல்லும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எனக்கு இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது.