யாருக்கும் ஒன்றும் ஆகாமல் ஒரு பர்மனெண்ட்

1

இக்கதை பேரூர்க் கோவிலில் பிறந்தது. பிறந்த வேளையில் நான் வேறொரு காரியத்தில் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, மார்கழி விடியல். இறைவன் திருமுன் நின்று, யாக்கை நிலையாது, இளமை நிலையாது, செல்வம் நிலையாது என்னும் பொருளமைந்த பழம்பாட்டொன்றை ஓதிக்கொண்டிருந்தேன். செல்வத்துக்கு வந்தபோது, எனக்கு வலப்பக்கம் நின்ற பெண்ணொருத்தி வாய்விட்டு வேண்டினாள்.

"அப்பனே, பட்டீசா! எங்கூட்டுக்காரரை இந்தத் தைக்குள்ள பர்மனெண்டு ஆக்கிப்போடு. ஆனா ஒண்ணு சாமி. யாருக்கும் ஒண்ணும் ஆகாம ஆக்கோணும்."

அடுத்த அடி எனக்கு மறந்துபோயிற்று. நிலையாது என்று நான் முறையிட்ட அதே செவியில், நிலைக்க வேண்டும் என்று அவள் முறையிட்டாள். இறைவன் திகைத்திருக்க மாட்டான். திகைப்பெல்லாம் எனக்குத்தான்.

"ஏனம்மணி, யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்யோ, சத்தமாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அதுங்க, மில்லுல பர்மனெண்டு ஆளு ஒருத்தரு போனாத்தானுங்க வராதவங்களுக்குப் பதிலா நிக்கற பதிலிக்கு அந்த எடம். போறதுன்னா எப்படிப் போவாங்க? வயசாகிப் போகோணும், இல்லீனா சீக்குல போகோணும். நாம எடம் கேக்கறமேன்னு சாமி பாட்டுக்கு எவரையாச்சும் தூக்கிப்போட்டா? அந்தப் பாவம் நமக்கெதுக்குங்க? அதான் முன்னாடியே சொல்லிப்போட்டேன்."

"அப்படியும் ஒரு வழி உண்டா?"

"அது அவருபாடுங்க. நாம கேக்கத்தானே முடியும்?"

திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். அதன்பின் நான் அவளைக் கண்டதில்லை. அவள் கணவனை ஒருநாளும் கண்டதில்லை. மாசாணியம்மாள், ஆறுச்சாமி என்னும் பெயர்கள் நான் இட்டவை. கதை எழுதத் துணிந்த அன்றே, அவருபாடு என்பாடு ஆயிற்று.

2

முதல் தொடக்கம்: நீர்க்குமிழி அனைய இவ்வையத்து வாழ்வில், ஆறுச்சாமி என்பான் ஒருவன் நிலைபேறு வேண்டி—

விட்டுவிட்டேன். எழுவாய் வருமுன்பே வாக்கியம் அவனைக் கடிந்துகொள்கிறது.

இரண்டாம் தொடக்கம்: மில்லின் சங்கு ஊதியது.

இதையும் விட்டேன். இவ்வூரில் எழுதப்படும் கதைகளுள் பாதி இப்படித்தான் விழித்தெழுகின்றன.

மூன்றாம் தொடக்கம்: ஆறுச்சாமி நல்லவன். [எனக்கு எப்படித் தெரியும்? நல்லவள் அவன் மனைவி. அவள் வேண்டியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்பதைக் கதை போகிற போக்கில் பார்த்துக்கொள்வோம்.]

3

ஆளைத் தொடங்க முடியாதபோது சொல்லைத் தொடங்கலாம் என்று கல்லூரி நூலகத்துப் பேரகராதியை விரித்தேன். நான் ஆங்கிலப் புலவன் அல்லேன். ஆயினும் வேர் தேடும் பழக்கம் எம்மொழிக்கும் பொது.

இலத்தீனில் 'பெர்' என்றால் இறுதிவரை. 'மனேரே' என்றால் தங்குதல். இறுதிவரை தங்குவது எதுவோ அது பெர்மனெண்ட். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்த இச்சொல், பிறகு ஆட்சியாளரோடு கடல் கடந்தது. வங்கத்தில் நிலவரியை மாறாது வகுத்தவர்கள் அதனைப் பெர்மனெண்ட் செட்டில்மெண்ட் என்றார்கள். வகுத்தவர்களும் இன்று இல்லை, வகுப்பும் இல்லை. இருப்புப்பாதை அமைத்தவர்கள், வேலை நடக்கையில் தற்காலிகமாக இட்ட தண்டவாளத்தினின்று பிரித்துக் காட்டுவதற்கு, முடிவாக இட்ட பாதைக்கு இவ்வடையைச் சூட்டினார்கள். மேனாட்டு மகளிர் பொறியால் சுருட்டிக்கொண்ட கூந்தலும் இப்பெயர் பெற்றது. மயிர் வளர வளரச் சுருள் கீழே இறங்கிப்போகும். பெயர் மட்டும் தலைமேலேயே நிற்கும்.

(ஓரக்குறிப்பு: சென்னையில் மணமாகா இளைஞர் அறையெடுத்திருக்கும் 'மேன்ஷன்' என்னும் சொல்லும் இதே வேரில் முளைத்தது. ஒருவரும் நிலையாகத் தங்காத இடத்துக்குத் தங்குதல் என்று பெயர்.)

நம் ஊருக்கு வந்தபின் அச்சொல் பெரிதும் மாறியது. அங்கே அது பொருளுக்கு அடை. இங்கே அது மனிதன் எய்தும் ஒரு பதம். பெண் கொடுப்போர் ஊரும் உறவும் கேட்ட மூச்சிலேயே, "மாப்பிள்ளை பர்மனெண்டுங்களா?" என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் காப்பி வருகிறது.

'நிரந்தரம்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளி இல்லாதது நிரந்தரம். பொருந்தவில்லை. பதிலியின் வாழ்வு முழுவதும் பிறருடைய இடைவெளிகளால் ஆனது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மகள் கலியாணம். அந்த இடைவெளியில் இவன் ஒருநாள் நூல் நூற்று மீள்கிறான்.

4

ஆகவே மில் வாசலில் தொடங்குகிறேன். காலை வேலைக்கு ஆட்கள் போனபின், வராதவர் எத்தனை பேர் என்று பார்த்து, மேஸ்திரி வெளியே வந்து பதிலிகளுள் சிலரை உள்ளே அழைப்பார். மற்றவர் வீடு திரும்புவர். மூப்பு வரிசையில் ஆறுச்சாமி முதல்வன். அவனுக்கு அடுத்தவன் நஞ்சப்பன்.

"என்றா ஆறுச்சாமி, இன்னைக்கு உள்ளயா வெளியவா?" என்றான் நஞ்சப்பன்.

"மேஸ்திரி மூஞ்சியப் பாத்தா வெளியதான்."

"நேத்து அந்தப் பக்கமெல்லாம் கெடா வெட்டு. எவனாச்சும் கறியத் தின்னுபோட்டு வயிறு கெட்டுக் கெடப்பான்னு நம்பி வந்தேன். எல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கற பயலுவ."

அன்று இருவரும் வெளியேதான். திரும்பும் வழியில் மாசாணியம்மாளின் அண்ணன் அங்கப்பன், அன்னூரிலிருந்து வந்து, வேப்பமரத்தடியில் காத்திருந்தான்.

"மாப்ள, பண்ணையக்காரரு சொல்லியுட்டாரு. உங்கப்பனுக்கு முதுகு நிமிர மாட்டேங்குது. தை பொறந்தா நீ வந்து அந்த எடத்துல நிக்கோணுமாம். இல்லீனா குடிசையக் காலி பண்ணோணுமாம்."

"எங்கப்பனுக்கு நான் பதிலியா, மச்சான்?"

"என்னையக் கேட்டா? பெருசுக ரெண்டும் எங்க போவாங்க, அதச் சொல்லு."

பர்மனெண்ட் ஆனவனுக்கு மில்லின் லைன் வீடுகளில் ஒன்று கிடைக்கும். பெற்றோரை அழைத்து வந்துவிடலாம். ஆகாவிட்டால் அன்னூர். அங்கே பாட்டனுக்குப் பின் தந்தை, தந்தைக்குப் பின் மகன் என்று இடைவெளியே இல்லாமல் வந்த பண்ணை வேலை. அகராதிப்படி பார்த்தால் அதுவே நிரந்தரம். அந்த நிரந்தரத்துக்கு அஞ்சி ஓடிவந்தவன்தான் இந்தப் பர்மனெண்டுக்காகக் காத்து நிற்கிறான். இரண்டையும் ஒரே சொல்லால் எழுத என் கை இசையவில்லை.

5

இனி என் சங்கடம். தை நெருங்குகிறது, ஓரிடம் காலியாக வேண்டும். காலியாக்குவது கதாசிரியன் கையில் இருக்கிறது. எளிது என்று எண்ணினேன்.

கோபாலசாமி என்னும் முதியவரைப் படைத்தேன். பஞ்சுத் தூசு குடித்துக் குடித்து இருமுகிறவர். உயிருள்ளவராகத் தோன்றட்டும் என்று ஒரு பொடி டப்பாவையும், யாரைக் கண்டாலும் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கும் வழக்கத்தையும் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கியது. அன்று விடியலில் கோபாலசாமியின் இருமல் நின்—

முடியவில்லை. பொடி டப்பாவோடு அவரைக் கதைக்கு வெளியே அனுப்பிவைத்தேன். நலமாக இருக்கிறார்.

அடுத்து ஒரு விபத்து. ஓடும் பொறி, யாரோ ஒருவருடைய கை— [இவ்வரியை எழுதியவுடன் அடித்தேன்.]

மூன்றாவதாக, நான் கற்ற கல்வியே ஒரு முடிவை எடுத்துக் கொடுத்தது. பர்மனெண்ட் ஆணை கைக்கு வந்த அன்றே ஆறுச்சாமி மாள்வான், நிலையாமை நிலைநாட்டப்படும். இதை முழுதும் எழுதினேன். நடையும் நன்றாகவே அமைந்தது. மறுநாள் படித்தபோது நெஞ்சு கூசியது. அம்முடிவில் உண்மை இருந்தது, இரக்கம் இல்லை. நம் முன்னோர் நிலையாமை பாடியது, கைப்பொருள் உடையவன் அதனைப் பிறர்க்கு வழங்கட்டும் என்பதற்காக. கையில் ஒன்றும் இல்லாதவனை அச்சுறுத்துவதற்காக அன்று. அத்தாள்களைக் கிழித்தேன். பல நாள் கழித்து அன்றிரவுதான் நன்றாக உறங்கினேன்.

6

மில் வாசலில் மறுபடியும் பதிலிகள். உள்ளிருந்து வெங்கடபதி வெளியே வருகிறார். சரவணம்பட்டிக்காரர்; கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. மழை பொய்த்ததால் மில்லுக்கு வந்து, பர்மனெண்ட் ஆனவர். இத்தகையோரை அன்னூரில் ஆறுச்சாமி 'சாமி' என்றுதான் அழைத்திருப்பான். மில் வாசலில் 'அண்ணா' என்று அழைக்க முடிகிறது.

"என்னுங்ணா, வேலை நேரத்துல வெளிய?"

"எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்டா."

"என்னத்தைங்ணா?"

"வேலை வேண்டாம்னு! கெணத்துக்குக் கரண்டு வந்திருச்சு. நேத்து மோட்டாரைப் போட்டேன் பாரு, தண்ணி வாய்க்கால்ல முட்டிக்கிட்டு வருது. எங்கூட்டு ராமாமணி வாழை வெக்கோணுங்கறா, நான் கரும்புங்கறேன். ஊட்டுல ஒரே சண்டை. இனி இந்தத் தூசியத் தின்னுக்கிட்டு எவன் நிப்பான்?"

நஞ்சப்பனுக்குத் தாளவில்லை. "பர்மனெண்டுங்ணா! பர்மனெண்டப் போயி உடுவாங்களா?"

"அட போடா. கெணறு எங்கயாச்சும் ஓடியா போகும்?"

ஆறுச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே, அண்ணா?"

"ஏன்டா, என்னையப் பாத்தா சீக்காளியாட்டவா இருக்குது?"

"இல்லீங்ணா. எங்கூட்டுல கேப்பா. அதான்."

அவள் கேட்டாள். செய்தியைச் சொல்லி முடிக்குமுன் முகம் வெளுத்துக் கேட்டாள்: "அவருக்கு என்னாச்சுங்க?"

"அவருக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கறாரு. கரும்பு வெக்கப் போறாராம்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான் அம்மணி. வேணும்னா போயிப் பாத்துட்டு வரலாம், வா."

"போலாமுங்க," என்றாள். நடந்தே போனார்கள். கோவணத்தோடு வாய்க்காலில் நின்று மனைவியோடு வழக்கிட்டுக்கொண்டிருந்த வெங்கடபதியை வேலிக்கு அப்பாலிருந்து கண்ணாரப் பார்த்தபின்தான், மாசாணியம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுகை நடுவே சிரிப்பும் வந்தது.

7

இது வசதியான தீர்வு என்பீர்கள். வசதியானதுதான். ஆனால் மின்கம்பியும் கம்பமும் நம் தோட்டம் காடுகளுக்குள் போனது என் கற்பனை அன்று. நாம் எல்லோரும் கண்டது. நான் செய்ததெல்லாம், அதனை ஒருவருடைய சாவுக்குப் பதிலாக இவ்விடத்தில் வைத்ததுதான்.

ஆறுச்சாமி பர்மனெண்ட் ஆனான். பொங்கலுக்கு முன்பே தாயும் தந்தையும் வண்டியேறி லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம். ஒரு முடிவு அது.

இன்னொன்றும் உண்டு. அவன் இப்போது யாரும் அழைக்காமலே வாசலைக் கடந்து உள்ளே போகிறான். வேலியோரம் நஞ்சப்பன் நிற்கிறான். "பர்மனெண்டாரே, நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியறமுங்களா?" என்று கைகூப்புகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆறுச்சாமியும் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறான். அன்று முழுதும் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

மறுநாள் மாலை மேஸ்திரியிடம் போய் நிற்கிறான்.

"நாளைக்கு ஒரு நாளு லீவு வேணுமுங்க."

"லீவா? கெடைச்சு ஒரு வாரம் ஆகலை! ஏன், மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன். கோயிலுக்குப் போகோணும்."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். வேலியோரம் வரிசையில் முதலாவதாக நிற்பவன் யார் என்பது அவருக்கும் தெரியும். "போ, போ. அந்தக் கெடாக்கறிக்காரன் வேலை செய்யட்டும்," என்கிறார்.

விடுப்பு எடுக்கும் உரிமை பர்மனெண்ட் ஆனவனுக்கே உண்டு. இறுதிவரை தங்குதல் என்னும் சொல்லுக்குள், ஒருநாள் எழுந்து வழிவிடுதல் என்னும் பொருளை எந்த அகராதியும் எழுதவில்லை. ஆறுச்சாமி எழுதிவிட்டான். அவன் நல்லவன்தான் போலிருக்கிறது.

நஞ்சப்பன் இப்போது உள்ளே இருக்கிறான். அவனுக்கு என்றைக்கு, எவ்வழியில் பர்மனெண்ட் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் எழுதவும் மாட்டேன். எனக்கு மேலுக்கு ஒன்றும் இல்லை. மனம் இலேசாக இருக்கிறது. ஆதலால் இங்கே நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். இதுவரை வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தவரே, என் இடம் காலியாக இருக்கிறது. உள்ளே வாருங்கள். அடுத்த வாக்கியத்தின் எழுவாயை மட்டும் இட்டுவைக்கிறேன்; மிச்சம் உங்கள்பாடு. நஞ்சப்பன்