பெயர் தப்பினால் கனக்கும் காசு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கிளிஃபர்ட் ஸ்னீத் உழுத வயலில் கண்டெடுத்த வெள்ளிக்காசு, யாராவது அதைத் தவறாக அடையாளம் சொன்னால் கனத்தது. அது பீட்ரூட் அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலோகம் தேடும் கருவியைக் கதவில் சாய்த்துவிட்டு, சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தவன், புறங்கையை மேஜைமேல் ஊன்றி உள்ளங்கையை மனைவி அவிஸுக்கு விரித்துக் காட்டினான். அவர்களுடைய புதைபொருள் தேடுவோர் சங்கத்தில் பழங்காசு பார்த்து யாருடையது என்று சொல்பவள் அவள்தான். அவள் சொல் தப்பியதில்லை என்று பெயர். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். சுத்தியலால் அடித்த சின்னக் காசு. ராஜாவின் முகத்தைச் சுற்றி ‘ஹென்ரிகஸ்’ என்ற எழுத்து.

“மூணாம் ஹென்றி,” என்றாள்.

கிளிஃபர்டின் கை மேஜையோடு அழுந்தியது.

“அவிஸ், இது கனக்குது.”

“காசா? ஊதினா பறக்கும். சாப்பிட வா.”

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ராய்ஸ் கடப்பாரையோடு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, “அப்ப ரெண்டாம் ஹென்றியா இருக்கும்ப்பா,” என்றான். மேஜைக்கால் தரைக்கல்லைப் பிளந்து இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள், ஜாக்கிதான் வளைந்தது. அவர்களில் ஒருவன் உதவுகிற எண்ணத்தில் “எலிசபெத் ராணியோ?” என்று கேட்டுவிட, கிளிஃபர்டின் விரல்கள் நீலம் பாரித்தன.

“இனி எவனாவது வாயைத் திறந்தீங்க, கெட்டிலாலயே போடுவேன்!” என்று எல்லோரையும் வாசலுக்குத் துரத்தினாள் அவிஸ்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவன் அருகே மண்டியிட்டாள். காசைப் புரட்ட வழியில்லை, முகம் மட்டும்தான் தெரிந்தது. காதோரம் இரண்டு சுருள்முடி, சுருளுக்குள் ஒவ்வொரு புள்ளி. பெயரின் கடைசி எழுத்து இடவலம் மாறித் திரும்பி நின்றது. அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டாம் ஹென்றி செத்துப்போன பிறகும், ராஜாவான அவன் பிள்ளைகள் அப்பன் பெயரிலேயே காசடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தப்பா இருந்தா உன் கை போயிடும், கிளிஃப்.”

“நீ பார்த்துதானே சொல்லுவே.”

“முதல்ல சரியா பார்க்காமலே சொன்னேன்.”

“தெரியும். வெண்ணெயைத்தான் பார்த்துட்டிருந்தே. இப்ப பார்த்துட்டே இல்ல? சொல்லு.”

“ஜான்,” என்றாள் அவிஸ். “ஜான் ராஜா காசு.”

அவள் விட்ட பெருமூச்சிலேயே காசு உள்ளங்கையிலிருந்து எழும்பி, மெல்ல மிதந்துபோய் வெண்ணெயில் ஒட்டிக்கொண்டது. விரல்களில் ரத்தம் மறுபடி ஓடத் தொடங்க, கிளிஃபர்ட் ஊரே கேட்கும்படி அலறினான். அந்த அலறலைக் கேட்டு அவிஸ் சிரித்தாள், அழுதாள், அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு விரல்களை ஒவ்வொன்றாக ஊதிவிட்டாள். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தார்கள். கிளிஃபர்ட் தன் கோப்பையை அந்தக் கையாலேயே பிடித்துக் குடித்தான்.

இப்போது சங்கத்தில் காசுகளைப் புல்தரையில் வைத்துவிட்டுத்தான் பெயர் சொல்கிறார்கள். அவ்வப்போது பெயர் தப்பி ஒன்று மண்ணுக்குள் இறங்கிவிடும். அவிஸ் வந்து குழியருகே குனிந்து சரியான பெயரைச் சொன்னதும், அது மேலே வந்துவிடும்.