லே ரீடர் வகுப்புக்கு ஒரு கையெழுத்து

1984 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தேவாலய வாசல் மேசையில் குவித்து வைத்திருந்த தாள்களில் ஒன்றைக் கிறிஸ்ரினா எடுத்து வந்தாள். திருச்சபை வாழ்வில் எப்படிப் பங்கெடுக்க விரும்புகிறீர்கள் என்று தலைப்பில் கேட்டிருந்தது. கீழே பதினெட்டுக் கட்டங்கள். பாடகர் குழு, சமையலறை, ஞாயிறுப் பள்ளி, நோயாளிகளைச் சந்தித்தல், வேதாகம வகுப்பு நடத்துதல், ஆராதனையில் வேதபாடம் வாசித்தல், லே ரீடர் பயிற்சி. எல்லோரும் வரவேற்கப்படுகிறார்கள் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

லே ரீடர் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். ஆனால் பிஷப்பின் அனுமதியோடு ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். அதற்கு ஒரு வருடப் படிப்பு. அந்தப் படிப்பில் சேரக் கோயிலின் குருவானவர் கையெழுத்திட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிறிஸ்ரினா பதினாறு வருடம் ஞாயிறுப் பள்ளி நடத்தியவள். குருவானவர் ஊரில் இல்லாத நாட்களில் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் முன்னால் நின்றாள். இப்போது கனடாவில், ஸ்காபரோ அப்பாட்மென்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து கடைசி இரண்டு கட்டங்களிலும் அவள் அழுத்திப் புள்ளடி போட்டாள்.

அடுத்த வாரம் மிசிஸ் ஹாலிடே தொலைபேசியில் வந்தார். கோயிலின் வாடன் அவர். குருவானவருக்கு அடுத்தபடியாக அங்கே எதையும் தீர்மானிக்கிறவர்.

"உங்கள் தாள் கிடைத்தது, மிகவும் சந்தோஷம். ஆராதனைக்குப் பிறகு கோப்பி கொடுக்கிற குழுவில் ஆட்கள் குறைவு. இரண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் உங்களைப் போட்டிருக்கிறேன்."

"நான் கேட்டது வாசிப்புக்கும் பயிற்சிக்கும்."

"தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமே."

ரிசீவரை வைத்த பிறகும் கிறிஸ்ரினாவின் காது சுட்டுக்கொண்டிருந்தது. கணவன் எட்வேட் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "உவ தானே வேரோனிக்கான்ர பைலைப் பாக்கிறா. இப்ப வாயைக் குடுக்காதையும்."

அது உண்மை. 83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்துபோய், கிறிஸ்ரினாவின் தங்கை வேரோனிக்கா கணவரோடும் இரண்டு மகள்மாரோடும் மதராசில் ஒரு அறையில் இருந்தாள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட இந்தக் கோயில்தான் பொறுப்பு நின்றது. அந்தக் குழுவுக்குத் தலைவி மிசிஸ் ஹாலிடே. கிறிஸ்ரினா வாயைக் கொடுக்கவில்லை. கோப்பை கழுவினாள்.

நிலவறையில் இருந்த சமையலறையின் சுவரில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. மேலே நடக்கும் ஆராதனை அதில் கேட்கும். கோப்பி வைப்பதற்காக வேதபாடங்களுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். வாசிப்பவர்கள் ஆபகூக் போன்ற தீர்க்கதரிசிகளின் பெயர்களில் தடக்கி, ஒரு தரம் சிரித்து, தாண்டிப் போவார்கள். அவளுக்கு அந்த அதிகாரங்கள் மனப்பாடம். கைகள் சவர்க்காரத் தண்ணீரில் கிடக்க, பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளோடு கோப்பை துடைப்பவள் யூனிஸ், பார்படோசிலிருந்து வந்த நேர்ஸ். ஒருநாள் துவாயைப் பிழிந்தபடி அவள் சொன்னாள்: "நானும் வாசிப்பு, லே ரீடர் கட்டங்களில் ஏழு வருடம் அடையாளம் போட்டேன். பிறகு விட்டுவிட்டேன். மேலே வாசிக்கிற எட்டுப் பேரும் எப்போதும் அதே எட்டுப் பேர்தான், கவனித்தாயா?"

கிறிஸ்ரினா அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள். எட்டுத்தான்.

1985இலும் தாள் வந்தது. மீண்டும் புள்ளடி போட்டாள். இந்தமுறை கோப்பியோடு சேர்த்து, பல நாட்டு உணவு விருந்துக்கு இருநூறு ரோல்ஸ் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். செய்து கொடுத்தாள். உருளைக்கிழங்கு மசிக்கும்போது எட்வேட் உதவிக்கு வந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

86 மார்ச்சில் வேரோனிக்கா குடும்பம் வந்து இறங்கியது. விமான நிலையத்துக்கு மிசிஸ் ஹாலிடே நாலு குளிர்க்கோட்டுகளோடு வந்திருந்தார். பிள்ளைகளின் அளவைக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் அளவாக இருந்தது. சின்னவளின் கழுத்துப் பொத்தானை அவர் குனிந்து பூட்டியபோது கிறிஸ்ரினா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. இந்த மனிசி கெட்டவள் இல்லை என்பதுதான் பிறகு அவளை இன்னும் எரிய வைத்தது.

அந்த ஒக்டோபரில் வேரோனிக்காவும் தாளை நிரப்பினாள். கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினாலு வருடம் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவள் அவள். இறையியலில் டிப்ளோமா வேறு. வேதாகம வகுப்பு என்ற ஒரே ஒரு கட்டத்தில்தான் புள்ளடி போட்டாள். தொலைபேசி வந்தபோது கிறிஸ்ரினா பக்கத்திலேயே நின்றாள். தங்கை நாலு தரம் தாங்க்யூ சொல்லிவிட்டு வைத்தாள்.

"கோப்பிக் குழுவிலை போட்டிருக்கினம் அக்கா. முதலாம், மூண்டாம் ஞாயிறு."

"நீ ஓம் எண்டனியோ?"

"வேறை என்ன சொல்லுறது. எங்களைக் கூப்பிட்டு விட்டவை."

"கூப்பிட்டு விட்டது கோப்பை கழுவவோ?"

"மெல்லக் கதையுங்கோ. பிள்ளையள் கேட்குதுகள்."

"கேட்கட்டும். உதுகளும் ஒருநாள் உந்தத் தாளை நிரப்பப் போகுதுகள்தானே."

தனக்கு நடந்ததை இரண்டு வருடம் விழுங்கியவளுக்கு, தங்கைக்கு நடந்ததை விழுங்க முடியவில்லை.

87 பெப்ரவரியில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன், கோயிலின் வருடாந்தக் கூட்டம் நிலவறை மண்டபத்தில் நடந்தது. எல்லோருடைய பூட்ஸ்களிலிருந்தும் பனி உருகித் தரை ஈரமாகியிருந்தது. மிசிஸ் ஹாலிடே ஆண்டறிக்கையை வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வசனம் வந்தது: "புதிதாக வந்த எங்கள் தமிழ்ச் சகோதரிகள் திருச்சபை வாழ்வில் உற்சாகமாகப் பங்கெடுத்து வருகிறார்கள்."

கிறிஸ்ரினா எழுந்தாள். எட்வேட் அவளுடைய கோட்டின் விளிம்பைப் பிடித்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அந்த வசனத்தைப் பற்றி ஒரு கேள்வி," என்றாள் ஆங்கிலத்தில். "மூன்று வருடமாக வாசிப்புக்கும் லே ரீடர் வகுப்புக்கும் நான் பெயர் கொடுத்தேன். என் தங்கை வேதாகம வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். சமையலறை என்ற கட்டத்தை நாங்கள் இருவரும் தொடவில்லை. எங்கள் தாள்கள் எங்கே?"

குருவானவர் தொண்டையைச் செருமினார். "நான் அந்தத் தாள்களைப் பார்க்கவில்லை, கிறிஸ்ரினா."

"ஒவ்வொரு ஞாயிறும் என் கையைக் குலுக்கி அனுப்புகிறீர்கள். எனக்கு என்ன தெரியும் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?"

மிசிஸ் ஹாலிடேயின் கழுத்துச் சிவந்தது. "உங்கள் உச்சரிப்பு... பின்வரிசையில் வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளங்காமல் போனால் உங்களுக்குத்தானே சங்கடம். உங்களைக் காப்பாற்றத்தான் நினைத்தோம்."

"ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தீர்களா?"

மிசிஸ் ஹாலிடேயின் கண் நிறைந்தது. "உங்கள் குடும்பத்துக்காக நாங்கள் இவ்வளவும் செய்த பிறகு..."

"அதற்கு நான் நன்றி சொன்னேன். சாகும்வரை சொல்லுவேன். ஆனால் அந்த நன்றியைக் காட்டி என்னை நிலவறையில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. எல்லோரும் வரவேற்கப்படுகிறார்கள் என்று அச்சடித்தது நீங்கள்தான். அதை நம்பினது என் பிழையா?"

பின்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. யூனிஸ் எழுந்து நின்றாள். "எனக்கு ஏழு வருடம்," என்றாள். அவ்வளவுதான். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

கூட்டம் அரைகுறையாகக் கலைந்தது. வேரோனிக்கா அக்காவைப் பார்க்காமலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போனாள். அடுத்த மூன்று வாரம் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது, "அந்த மனிசியை எல்லாருக்கும் முன்னாலை அழப்பண்ணிப் போட்டியள்," என்று மட்டும் சொன்னாள். கிறிஸ்ரினா மறுக்கவில்லை. கூட்டத்தன்று காரில் வீடு திரும்பும்போது எட்வேட், "உம்மட இங்கிலிஸ் இண்டைக்கு நல்லாத்தான் இருந்தது," என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தனியாகக் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். குருவானவர் விண்ணப்பத்தை மேசையில் எடுத்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். கையெழுத்தைப் போடுங்கள் என்று நின்றபடியே சொன்னாள். போட்டார். யூனிசுக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அதையும் போட்டார்.

வகுப்பு செப்ரெம்பரில் தொடங்கியது. சனிக்கிழமை காலைகளில், விட்பி என்ற பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தில். இரண்டு பெண்களையும் எட்வேட்தான் ஏற்றிப் போவான். வகுப்பு முடியும்வரை காருக்குள் இருந்து பேப்பர் படிப்பான். பனியிலும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. கட்டுரைகளைக் கிறிஸ்ரினா கோபத்தோடேயே எழுதினாள். ஆபகூக்கைப் பற்றி இருபத்திரண்டு பக்கம். எவ்வளவு காலம் கூப்பிடுவேன், நீர் கேளாதிருக்கிறீரே என்று தேவனிடமே சண்டை பிடித்த மனிதன் அவன். படிப்பித்தவர் மேலே சிவப்பு மையில், கொஞ்சம் அமைதியாக எழுதலாம் என்று குறித்திருந்தார். அவள் ஒரு வரியையும் மாற்றவில்லை.

88 ஜூனில் பிஷப்பின் அனுமதி கிடைத்தது. அந்த மாதம் கடைசி ஞாயிறு மாலை ஆராதனையை அவள் நடத்தினாள். பிரசங்கமும் அவளே. முடிந்து வாசலில் நின்றபோது, பின்வரிசைக் கிழவர் ஒருவர் கைகொடுத்தார்.

"ஆச்சரியமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது."

"ஏன் ஆச்சரியம்?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார், தன் கைத்தடியைப் பார்த்தார், படியிறங்கினார்.

மிசிஸ் ஹாலிடே அந்த ஆராதனைக்கு வரவில்லை. வாடன் பதவியை விட்டு வேறு கோயிலுக்குப் போய்விட்டார். மன்னிப்பு ஒருபோதும் கேட்கவில்லை. வேரோனிக்காவின் மகள்மாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருடம் தவறாமல் வந்தது.

வேரோனிக்கா அந்த இலையுதிர்காலம் புதன்கிழமைகளில் வேதாகம வகுப்புத் தொடங்கினாள். முதல் நாள் கதிரைகளை வட்டமாகப் போடும்போது அக்காவிடம் மெல்லக் கேட்டாள்: "இப்பவும் கோவமோ?"

"ஓம்," என்றாள் கிறிஸ்ரினா. "உனக்கு இல்லையோ?"

வேரோனிக்கா ஒரு கதிரையைச் சரியாக்கினாள். பிறகு இன்னொன்றை. "இருக்கு," என்றாள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.