இரண்டு பக்கமும் கிளியர்

1

இந்தக் கதை எனக்குக் கேரள எல்லையோரம் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில், சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது. வால்வு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தென்னந்தோப்புக்காரர் ஒருவர், ஒரு முழம் கறுப்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்காகத் தம் மனைவிக்கு எடுத்த கருக்குழாய்ப் பரிசோதனையைக் கடைக்காரர் குப்பண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்த உள்ள உட்டு எக்ஸ்ரே எடுக்கறாங்கண்ணா. இந்தப் பக்கமும் வெளிய வருது, அந்தப் பக்கமும் வருது. கடைசி வரைக்கும் தண்ணி வந்துருச்சுன்னா லைன் கிளியர்தானுங்களே?"

குப்பண்ணன் யோசித்தார். "பிரஷர் பாத்தாங்களா?"

"அதச் சொல்லலீங்க."

"அதையும் ஒருக்கா கேட்டுரு."

நான் வால்வை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் எங்கோ ஒரு பிசகு இருப்பதாகத் தோன்றியது. அது என்ன என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். கடையில் நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் எழுதியது.

2

தொடக்கங்கள் சில போட்டுப் பார்த்தேன்.

மௌனிகாவுக்கு அன்றைக்கும் அடிவயிறு வலித்தது. மாதாமாதம் வருவதுதானே என்று

(வேண்டாம். வாசகரும் 'மாதாமாதம் வருவதுதானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.)

கருக்குழாய் என்பது கருப்பையின் இருபுறமும் அமைந்த, ஏறத்தாழ ஒரு விரல் நீளமுள்ள

(நானே கொட்டாவி விட்டேன்.)

கணவாய்க் காற்று தோப்புக்குள் புகுந்து

(காற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

ஆகவே குழாய்க் கடையிலேயே தொடங்கிவிட்டேன். ஆனால் கதைக்கு வேண்டியவள் அந்தக் கடையில் இல்லை. அவளை நான்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. முதலில் நர்ஸ் ஆக்கினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததால் கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. இப்போது அவள் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். பெயர் மௌனிகா. தோப்புக்காரக் கணவனுக்குச் சிவப்பிரகாஷ் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவனுடைய அம்மா மருதாத்தாளும் அதே வீட்டில் இருக்கிறாள்.

3

பரிசோதனை முடிந்து வந்த அன்றே சிவப்பிரகாஷ் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அம்மாவுக்குக் காட்டினான். நடுவில் கருப்பை வெள்ளை முக்கோணமாகத் தெரிந்தது. அதன் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய கோடுகள் ஓடின.

"இது மெயின் லைனுங்கம்மா. இது ரெண்டும் சப் லைன். நுனியில மருந்து செதறியிருக்குது பாருங்க. அடைப்பே இல்ல."

"அப்பிடின்னா நல்லதுதான் சாமி," என்ற மருதாத்தாள், மோர் வாங்கப் போகிறவள் போலக் கிளம்பினாள். சாயங்காலத்துக்குள் மௌனிகாவின் கருக்குழாய்கள் திறந்திருக்கும் செய்தி தெருவுக்கே தெரிந்துவிட்டது. பால்காரர்கூட, "கேள்விப்பட்டனுங்க டீச்சர், ரொம்ப சந்தோசமுங்க" என்றார்.

மௌனிகா கணவனைக் கேட்டாள்: "எல்லாம் கிளியர்னா எனக்கு ஏனுங்க இப்பிடி வலிக்குது?"

"அது வேற டிபார்ட்மெண்டு," என்றான் சிவப்பிரகாஷ்.

பிசகு அங்கேதான் நடந்தது. எக்ஸ்ரேயோடு மறுபடி வரச் சொல்லியிருந்தார், பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த பாலக்காட்டு மலையாளி டாக்டர் டின்சி. தோப்பின் கடைசி மரத்தடியில் தண்ணீர் சொட்டிவிட்டால், குழாய் போட்டவரை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் இவர்களும் டாக்டரிடம் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போகவில்லை.

[இந்த இடத்தில் சிவப்பிரகாஷைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவன் கதவை அறைந்து சாத்தினான். ஆனால் வலி வரும் நாட்களில் வெந்நீர்ப் பை நிரப்பிக் கொண்டுவருகிறவனும் அவன்தான்; கதவு பொருந்தவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலை.]

4

ஒரு நாள் பின்னங்களை நடத்திக்கொண்டிருந்த மௌனிகா, கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வலி இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரை இறங்கியது. வலி தணிந்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு நேராகப் பாலக்காட்டு பஸ் ஏறினாள். தகவல் தெரிந்த சிவப்பிரகாஷ் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தான், எக்ஸ்ரேயும் கையுமாக.

டாக்டர் டின்சி ஸ்கேன் செய்தார். இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி இருந்தது. அந்தப் பக்கத்துக் குழாய் அதோடு ஒட்டிக்கொண்டு வீங்கியிருக்கலாம் என்றார்.

"ரெண்டு பக்கமும் கிளியர்னு இதுல இருக்குதுங்களே டாக்டர்," என்று சிவப்பிரகாஷ் எக்ஸ்ரேயை நீட்டினான்.

"அது அன்னைக்கு. அன்னைக்கும் தொறந்திருக்குன்னு மட்டும்தான் தெரிஞ்சது. வேலை செய்யுதான்னு அந்த டெஸ்டு சொல்லாது, கேட்டோ. இது பைப்பு அல்ல. ஒரு கை மாதிரி..."

"டாக்டர்," என்று மௌனிகா குறுக்கிட்டாள். "மாதிரி வேண்டாமுங்க. ஒரு வருசமா மாதிரியக் கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்கறேன். என்ன இருக்குதோ அதச் சொல்லுங்க."

டின்சி சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். நானும் உவமை இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன்.

குழாயின் நுனியில் மெல்லிய மடிப்புகள் உண்டு. முட்டை வெளிப்படும்போது அவை சினைப்பையின் மேல் அசைந்து, முட்டையை உள்ளே எடுக்க வேண்டும். உட்சுவரில் இருக்கும் நுண்ணிய இழைகளும் சுவரின் தசையும் சேர்ந்து அதை நகர்த்த வேண்டும். கரு உண்டாவதும் அந்தக் குழாய்க்குள்தான். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். (இந்தப் 'போன்ற' மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது, என்னால் எடுக்க முடியவில்லை.) அதனால் வரும் அழற்சி இழைகளை மந்தமாக்கலாம், தசையின் அசைவைக் குலைக்கலாம். அதன் தழும்புகள் குழாயின் நுனியை வேறெங்காவது ஒட்டவைத்துவிடலாம். அப்போது குழாய் திறந்தே இருக்கும், முட்டை அதற்குள் போய்ச் சேராது. சிலருக்கு நுனியே மூடிக்கொண்டு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

"வயித்துக்குள்ள கேமரா விட்டு ஒட்டெல்லாம் பிரிக்கணும், கட்டியை எடுக்கணும்," என்றார் டின்சி. "பலருக்கும் வலி நல்லாக் குறையும். இடது குழாய் எப்படி இருக்குன்னு உள்ள பார்த்தாத்தான் தெரியும். நீர் கோத்துக் கெட்டிருந்தா எடுக்கட்டுமா, விடட்டுமா? விட்டா அந்த நீர் கருப்பைக்குள்ள இறங்கும். பின்னால ஐ.வி.எஃப் பண்ணினாலும் கரு தங்கறது குறையும். எடுத்தா அந்தப் பக்கம் பிறகு கிடையாது. நீங்க மயக்கத்துல இருப்பீங்க, அப்ப கேக்க முடியாது. முன்னாலயே சொல்லணும், மௌனிகா. பேடிக்கண்டா, பயப்படாம யோசிச்சிட்டு வாங்க."

5

வீட்டுக்கு வந்ததும் சிவப்பிரகாஷ் ஆரம்பித்தான். "கிளியரா இருந்த லைன எதுக்கு வெட்டறது? தண்ணிய அடிச்சு பிளஷ் பண்ணி..."

"இங்க பாருங்க. இனி இந்த ஊட்டுல லைனு, பைப்பு, வால்வுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, ஆபரேசன் முடியற வரைக்கும் நான் எங்கம்மா ஊட்டுல இருந்துக்குவேன்."

சிவப்பிரகாஷ் வாயை மூடினான். சோறு சாப்பிடும்போது ஒருமுறை திறந்தான். "அந்த... அத வந்து..."

"எத?"

"அதான்... ஒரு பக்கம் அடை..." என்று நிறுத்திக்கொண்டான். அடைப்பு என்பதும் குழாய்க் கடைச் சொல்தான். கையிலிருந்த சொற்கள் எல்லாம் போய்விட்ட பிறகு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"எனக்கு பயமா இருக்குது புள்ள. எடுத்துப்போட்டு, அப்புறம் ஒண்ணுமே ஆகாமப் போச்சுன்னா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் பயம் என்று சொல்லி மௌனிகா கேட்டதில்லை. பிரஷர், லெவல், கேப்பாசிட்டி எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"எனக்கும் பயந்தானுங்க," என்றாள். "ஆனா வலி எனக்கு மட்டுந்தான் இருக்குது. அதனால நாந்தான் சொல்லோணும்."

அவன் தலையாட்டினான். குழம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

[மருதாத்தாளை வில்லியாக்குவது சுலபம். மாமியார் என்றதும் பேனா தானாக அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் அவளுக்கு இருந்த கவலையே வேறு.]

"வெட்டறதோ ஒட்டறதோ, எப்பங்கறதச் சொல்லிப்போடுங்க," என்றாள் மருதாத்தாள். "தெருவுல கேக்கறாங்க."

"இந்த வாட்டி தெருவுல சொல்ல வேண்டாங்கத்தை."

"சொல்லாம எப்பிடி அம்முணி இருக்கறது? எம்பட வாயப் பாத்துட்டே நிப்பாங்க."

மௌனிகாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நாஞ் சொல்றத அப்பிடியே சொல்லுங்க. வலிக்கு ஆபரேசன்னு."

"கொழந்தைக்கு இல்லியா?"

"மொதல்ல வலிக்குங்க."

மருதாத்தாள் யோசித்தாள். "வெறும் வலின்னா நம்புவாங்களா கண்ணு?"

"நீங்க சொன்னா நம்புவாங்க."

அதை மருதாத்தாளால் மறுக்க முடியவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

6

முடிவுகள்.

(அ) பத்து மாதம் கழித்துத் தொட்டில். எழுதினேன், நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தால், அத்தனை நாள் பட்ட வலியும் குழந்தைக்கான பயணச்செலவு ஆகிவிட்டிருந்தது. கிழித்தேன்.

(ஆ) மௌனிகா ஜன்னலோரம் நிற்கிறாள். தூரத்தில் ஒரு குழந்தை அழும் சத்தம். வெளியே மழை பிடித்துக்

(மழை வந்ததும் நானே எழுந்து போய்விட்டேன்.)

(இ) இது முடிவில் சேர்த்தியா என்று தெரியவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதுதான்:

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் டாக்டர் டின்சி கட்டிலருகே வந்து, "என்ன தீர்மானிச்சீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சிவப்பிரகாஷ் பதில் சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்தான். பிறகு அவள் செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"கட்டிய எடுங்க. ஒட்டெல்லாம் பிரிச்சு உடுங்க," என்றாள் மௌனிகா. "எடது பக்கம் கெட்டிருந்தா எடுத்துருங்க. நல்லாருந்தா உடுங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தா நீங்களே முடிவு பண்ணிக்குங்க டாக்டர், என்னைய எழுப்பிக் கேக்காதீங்க."

டின்சி சிரித்துக்கொண்டே முகக்கவசத்தை இழுத்துவிட்டார். கட்டில் உள்ளே போனது. கதவு மூடியது.

உள்ளே டின்சி என்ன பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், எழுதுகிறவன் நான்தானே. நீங்களும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் என்னிடம் கேட்க வேண்டாம், அவளிடமே கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், கோபாலபுரம் போகும் பஸ்ஸில் உங்களுக்கு அவள் பக்கத்தில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எல்லாரும் கேட்பதுபோல, "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்கலாம். உண்டு என்றோ இல்லை என்றோ மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கதை அங்கே முடிந்துவிடும்.

"வலி இப்ப எப்பிடி இருக்குதுங்க டீச்சர்?" என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பதானால், அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லைச் செக்போஸ்டில் பஸ் நிற்கும். மௌனிகா நிறுத்தமாட்டாள்.